ஆயிரத்து நூற்றுநாற்பது சாவு

இலஞ்சி ஆவுடைத்தாயின் வீட்டில் முப்பத்தோரு வருடத்தில் ஆயிரத்து நூற்றுநாற்பது சாவு விழுந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. அதிலும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் கொத்துக் கொத்தாக. 2019-இல் அவள் வேலையை விட்டு நின்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு ஈ, எறும்புகூடச் சாகவில்லை.

இந்தச் சங்கதியைக் கொண்டுவந்தவள் மாஜிதா. தென்காசிக்காரி, முப்பத்திரண்டு வயது, புருஷன் துபாயில். வீட்டு மாடியில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று கேட்டால் பேர் வைக்கிற வேலை என்பாள். யாரு புள்ளைக்கு என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள்.

அவள் பேர் வைப்பது வானத்துக்கு. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு வானத்தையும் கடலையும் உண்டாக்கி, ஐம்பது வருடம் கழித்து மழை எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள் அல்லவா, அதை ஓர் இடத்தில் போடுவதில்லை. இருபது ஊரில் இருபது குழு போடுகிறது. மழைக்கு ஒருவர் வைத்த பேர் இன்னொருவருக்குத் தெரியாது. ஒருவர் மில்லிமீட்டர், ஒருவர் சென்டிமீட்டர். எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. அதனால் எல்லாரும் கூடிப் பேசி, மழைக்கு இனிமேல் 'பி.ஆர்', தரையோரத்து வெப்பத்துக்கு 'டி.ஏ.எஸ்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே பேர், ஒரே அளவு, ஒரே அர்த்தம் வைத்து ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் வானம் நிஜ வானத்தைப்போல நடந்துகொள்கிறதா என்று பார்க்க, ஊர் ஊராக எழுதிவைத்த பழைய மழைப் பதிவேடுகளையும் அந்தப் பேர்களிலேயே ஏற்ற வேண்டும். தென்காசிப் பக்கத்துப் பதிவேடுகளை அப்படிப் பொருத்துவது மாஜிதாவின் பொறுப்பு.

குற்றாலத்துப் பதிவேட்டைப் பொருத்தும்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதிவேட்டை டைப் அடித்தது வெளியூரில் ஏதோ ஒரு ஒப்பந்தக் கம்பெனி. மழை அளவு இருக்க வேண்டிய கட்டத்தில் ஆயிரத்து நூற்றுநாற்பது நாட்களுக்கு 'சா' என்று ஒற்றை எழுத்து இருந்திருக்கிறது. வேறு ஏதோ ஊர்ப் பதிவேட்டில் ஒருவர் ஒருநாள் 'சாவு, விடுப்பு' என்று எழுதிவைத்ததை அந்தப் புண்ணியவான்கள் பார்த்திருக்கிறார்கள். உடனே முடிவு கட்டிவிட்டார்கள். சா என்றால் சாவு. சாவு என்றால் ஆள் வரவில்லை. எல்லாக் கட்டத்திலும் 'பதிவாளர் வரவில்லை, குடும்பத்தில் இறப்பு' என்று ஏற்றியாகிவிட்டது. இத்தனை நாள் வராத பதிவாளரை யார் நம்புவது? பட்டியல் குழுவின் அறிக்கையில் குற்றாலத்துக்கு நேராக 'நம்பத்தகாத பதிவு; நீக்கலாம்' என்று ஒரு வரி.

தென்காசியில் பிறந்தவளுக்குச் சா என்றால் என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதியவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று, பேரை விசாரித்துக்கொண்டு இலஞ்சிக்கு வந்துவிட்டாள்.

ஆவுடைத்தாய் முதலில் சிரித்தாள். அறுபத்தைந்து வயதில் இப்படி ஒரு வேடிக்கையை அவள் கேட்டதில்லை.

"ஆயிரத்து நூத்தி நாப்பதா? எங்க தெருவுல இதுவரைக்கும் பொறந்த ஆளே அம்புட்டு இருக்காதேட்டி!"

"சிரிக்காதிய ஆச்சி. உங்க ரிஜிஸ்டரையே தூக்கிரணும்னு எழுதியிருக்காவ."

"எதுக்கு?"

"நீங்க வேலைக்கே வரலன்னு."

சிரிப்பு அங்கேயே நின்றது. அந்த முகத்தில் அதற்குப் பிறகு வந்ததைப் பார்த்து மாஜிதாவுக்கே, ஏன் வந்தோம் என்று ஆகிவிட்டது.

"நானா வரல?" என்றாள் ஆவுடைத்தாய். "நானாட்டி வரல?"

இந்த இடத்தில் ஆவுடைத்தாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கோபம் புரியாது. 1988-இல், இருபத்தெட்டு வயதில், ஐந்தருவிப் பாதையில் இருந்த ஒரு அரசாங்கப் பங்களாவில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள். பங்களாவின் பின்பக்கம் கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி. மேலே புனல், உள்ளே நீர் சேர்கிற பாத்திரம், அளந்து பார்க்கக் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குவளை. தினமும் காலை எட்டரை மணிக்கு அளக்க வேண்டியவர் கிளார்க் ஏசுவடியான். அவருக்குக் காலையில் அந்த ஈரத்தில் நடந்தால் மூக்கு ஒழுகும். ஒரு வாரம் குடையோடு போனார், மறு வாரம் ஆவுடைத்தாயை அனுப்பினார். அதற்கடுத்த வாரத்திலிருந்து முப்பத்தோரு வருடம் அவளேதான்.

எட்டாவது வரை படித்தவள். புள்ளி வைத்து எண் எழுத ஏசுவடியான் சொல்லிக்கொடுத்தார். பதிவேட்டின் சட்டத்தையும் சொன்னார். எட்டரை என்றால் எட்டரை. எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பாகிவிட்டால் தப்பின் மேல் ஒற்றைக் கோடு, தப்பு கீழே தெரிய வேண்டும்; அதன் தலையில் சரியானது; பக்கத்தில் எழுதியவர் சுருக்கொப்பம், மேலதிகாரி சுருக்கொப்பம். ஏசுவடியான் மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் மட்டும் கறாரான மனிதர்.

அவரிடம் சட்டம் இல்லாத ஒரே விஷயம் சாரல்தான். குற்றாலத்துச் சாரல் மேலிருந்து கீழே விழுகிற சாதி இல்லை. மலையிலிருந்து காற்றோடு சாய்ந்து வரும், முகத்தில் அடிக்கும், முதுகுப் பக்கமும் வரும். நாள் முழுக்க நனைந்துகொண்டே இருப்போம். ஆனால் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கிற புனலுக்குள் மட்டும் போகாது. காலையில் போய்ப் பார்த்தால் பாத்திரத்தின் அடி பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும். குவளையில் ஊற்றினால் முதல் கோட்டைக்கூட எட்டாது. "சைபர்னு போடவா சார்?" என்று முதல் வருடம் கேட்டாள். ஏசுவடியான் தன் ஈரச் சட்டையைக் குனிந்து பார்த்தார். "சைபர்னா மழை இல்லன்னு அர்த்தமாயிருமே. சாரல்னு எழுது" என்றார். கட்டம் சின்னது. சாரல் அதில் அடங்கவில்லை. சா என்று எழுதினாள்.

அப்படி எழுதப்பட்ட எழுத்துதான் இன்றைக்குப் பிணமாகக் கிடக்கிறது.

ஜூலை இரண்டாம் வாரத்தில் பட்டியலை இறுதி செய்கிற கூட்டம் வந்தது. கூட்டத்தைச் சென்னையில் வைத்திருக்கலாம், திருநெல்வேலியில் வைத்திருக்கலாம். ஜூலையில் கூட்டம் என்றால் குற்றாலத்தில் வைக்காமல் வேறு எங்கே வைப்பார்கள்? ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் மூன்று நாள். காலையில் அருவி, பகலில் பட்டியல், சாயங்காலம் மறுபடியும் அருவி. மூன்றாம் நாள் மாஜிதா ஆவுடைத்தாயைத் தன் ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் சாரலில் தொப்பலாக நனைந்துதான் மாடியேறினார்கள்.

ஹாலில் முப்பது நாற்பது பேர். ஓரத்து மேஜையில், குற்றாலத்தை நீக்கச் சொன்ன அதே அறிக்கை அடுக்கியிருந்தது. நாற்பது பிரதி, பளபளவென்று அட்டை, சாயங்காலம் எல்லாருக்கும் கொடுப்பதற்கு. கூட்டத்தை நடத்தியவர் ஜெனோ. பூர்வீகம் தூத்துக்குடி, இருப்பது சென்னை, நாற்பது வயது. கெட்ட மனிதர் இல்லை. எழுந்து வந்து கும்பிட்டார், நாற்காலி போட்டார், துண்டு வேண்டுமா என்று கேட்டார்.

மாஜிதா பதிவேட்டின் படங்களைச் சுவரில் காட்டி விஷயத்தைச் சொன்னாள். ஹாலில் சிரிப்பு எழுந்தது. ஆயிரத்து நூற்றுநாற்பது சாவு என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆவுடைத்தாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது.

"ரொம்ப சாரி அம்மா," என்றார் ஜெனோ. "பெரிய தப்புதான். இப்பவே சரி பண்ணிடுவோம். நீங்க லீவு போடலை, தினமும் வந்திருக்கீங்க. அப்போ சா-வை எல்லாம் எடுத்துட்டு சைபர் போட்டுடலாம். உங்க பதிவும் பட்டியல்ல நிக்கும். சா-ன்னா அளக்கிற அளவுக்கு மழை இல்லைன்னு ஒரு தாள்ல எழுதித் தர்றோம், ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

நியாயமான பேச்சு மாதிரிதான் இருந்தது. அவள் பேர் காப்பாற்றப்பட்டுவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆவுடைத்தாய் பேனாவைக் கையில் வாங்கவும் செய்தாள். மாஜிதாதான் அவள் காதில் சொன்னாள்.

"ஆச்சி, சைபர் போட்டா அந்த நாளுக்குப் பட்டியல்ல 'வறண்ட நாள்'னு பேரு. தொடர்ந்து எத்தன நாள் வறட்சின்னு அதுவே எண்ணிரும். தொண்ணூத்தேழு ஜூலையில பதினேழு நாளு தொடர்ந்து சா போட்டிருக்கிய. அது குத்தாலத்துல பதினேழு நாள் வறட்சின்னு ஏறிரும்."

ஆவுடைத்தாய் பேனாவை மேஜையில் வைத்தாள்.

"ஏன் தம்பி," என்றாள் ஜெனோவிடம். "நீங்க இங்க வந்து எத்தன நாளாச்சு?"

"மூணு நாள் அம்மா."

"மொத நாளு அருவியில குளிச்சிட்டு வந்து துண்டக் காயப்போட்டியளா?"

"பால்கனியில போட்டிருக்கேன்."

"காஞ்சிட்டா?"

ஜெனோ பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் துண்டு மட்டும் இல்லை, அந்த லாட்ஜின் பால்கனிக் கம்பிகள் முழுக்க முப்பது நாற்பது பேரின் துண்டும் பனியனும் மூன்று நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தன, ஒன்றுகூடக் காயவில்லை. அன்று காலையில்தான் ஈர வாடை அடிக்கிறது என்று லாட்ஜ்காரரிடம் சண்டை போட்டிருந்தார்கள்.

"மூணு நாளா துண்டு காயல. இது வறண்ட நாளா? எந்த ஊர்ல தம்பி வறட்சின்னா துண்டு காயாது?"

பின்வரிசையில் யாரோ கையைத் தட்டப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஜெனோ நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது உண்மை. நானே நனைஞ்சிருக்கேன். ஆனா பட்டியல் நான் மட்டும் போட்டது இல்லை அம்மா. பல ஊர்ல பல வருஷம் பேசி முடிவானது. மழைன்னா இத்தனை மில்லிமீட்டர்னு ஒரு அளவு இருக்கு. சாரலுக்குத் தனியா ஒரு பேர் அதுல இல்லை. ஒரு ஊருக்காகப் புதுப் பேர் சேர்க்க முடியாது."

"எதெதுக்குப் பேரு இருக்கு?"

"எல்லாத்துக்கும் இருக்கு. மழை, காற்று, ஈரம், மேகம், பனி..."

"என்ன பனி? மார்கழியில விழுமே, அதுவா?"

"இல்லை. வெளிநாட்டுல கொட்டுமே, வெள்ளையா, பஞ்சு மாதிரி. அது."

"குத்தாலத்துக் கணக்குலயும் அதுக்குக் கட்டம் இருக்கா?"

ஜெனோவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இருக்கு," என்றார். "எல்லா ஊருக்கும் எல்லாக் கட்டமும் உண்டு."

மாஜிதா அந்தப் பக்கத்தைச் சுவரில் காட்டினாள். குற்றாலம், பனிப்பொழிவு, முப்பத்தோரு வருடம். மேலிருந்து கீழே வரைக்கும் பதினோராயிரத்துச் சொச்சம் சைபர்.

ஆவுடைத்தாய் அந்தச் சைபர்களை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றாலத்தில் ஒருநாளும் விழாத, இனிமேலும் விழப்போகாத ஒன்றுக்குக் கட்டம் கட்டி, பேர் வைத்து, நாள் தவறாமல் சைபர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரே நனைகிற ஒன்றுக்கு இடமில்லையாம், பேர் இல்லையாம். வயிறு எரியுமா எரியாதா?

"வராத பனிக்கு எடம் இருக்கு. வந்த சாரலுக்கு எடம் இல்ல. அப்படித்தானே?"

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. எங்ககிட்ட ரெண்டே வழிதான் இருக்கு. ஒண்ணு சைபர். இல்லைன்னா, அளவு இல்லைன்னு விட்டுடறது. அப்படி விட்டா பட்டியல்ல 'பதிவாளர் வரவில்லை'ன்னுதான் நிக்கும். இறப்புங்கிறதை எடுத்துடறேன். இந்த ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." பிறகு, சமாதானமாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, சிரித்துக்கொண்டே சொன்னார். "முப்பது வருஷத்துல ஒரு நாளாவது வராம இருந்திருப்பீங்கதானே? நாமெல்லாம் மனுஷங்கதானே?"

அந்தச் சிரிப்பைத்தான் ஆவுடைத்தாயால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"ரெண்டாயிரத்து மூணு, ஜூலை பதினொண்ணு. அதப் பாருங்க."

மாஜிதா தேடி எடுத்தாள். பழுப்புத் தாள், நீல மை. கட்டத்தில் சா. பக்கத்தில் வழக்கம்போல எட்டரை மணி, ஆ என்று சுருக்கொப்பம். அன்றைக்கு மட்டும் ஆ கொஞ்சம் கோணலாக இருந்தது.

"அன்னைக்கு எங்க வீட்டுல சாவுதான்," என்றாள். "எம் புருசன் மாடன். மார்க்கெட்டுல மூட்ட தூக்குத மனுசன். விடிய அஞ்சு மணிக்கு நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்தாரு, அப்படியே போயிட்டாரு. நடுவீட்டுல கெடத்தியிருக்கு, சொந்தக்காரவ எல்லாம் வந்துக்கிட்டு இருக்காவ. ஏழரை மணிக்கு நான் எந்திச்சேன். எங்கட்டி போறன்னு எங்க நாத்தனா கையப் பிடிச்சா. உதறிட்டு நடந்தேன். இலஞ்சியிலருந்து பங்களாவுக்கு நடந்தே போனேன், அளந்தேன், எழுதுனேன், நடந்தே வந்தேன். அதுக்கப்புறந்தான் மாருல அடிச்சு அழுதேன்."

சுவரில் தெரிந்த கோணல் ஆ-வை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"புருசன் பொணம் கெடக்கும்போது மழ அளக்கப் போனவன்னு இருபது வருசமா எனக்குப் பேரு. கலியாண வீட்டுல சொல்லுவாவ, தண்ணிக் கொழாயில சொல்லுவாவ. சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்தேன். ஏன்னா ரிஜிஸ்டர்ல நான் வந்துட்டேன்னு இருக்கு. எனக்கு அது போதும். இப்ப நீங்க, வரலன்னு எழுதியிருக்கிய. இல்லன்னா வறட்சின்னு எழுதுதேங்கிய. அன்னைக்குச் சாரல் தம்பி! அவரு மேல போட்ட கோடித் துணி ஈரமாத்தான் போச்சு! அந்த நாள நீங்க எந்தக் கட்டத்துல வைப்பிய? சொல்லுங்க, எந்தக் கட்டத்துல?"

குரல் அங்கே உடைந்தது. அழுகை இல்லை, கோபம்தான். கோபம் மிஞ்சினாலும் குரல் உடையும்.

ஜெனோ லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, நின்றபடியே டைப் அடித்தார். சுவரில் பட்டியலின் கடைசியில் ஒரு வரி வந்தது. 'சா: சாரல். மழை உண்டு, அளவுக்கு எட்டாதது. சைபர் அல்ல. விடுபட்டதும் அல்ல.' யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஹாலைக் கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"மேலே கேட்பாங்க, நான் பேசிக்கறேன்," என்றார். "போதுமா அம்மா?"

"பட்டியல் சரி," என்றாள் ஆவுடைத்தாய். "அது?"

அவள் கை ஓரத்து மேஜையைக் காட்டியது.

"அது ஏற்கெனவே அச்சாயிடுச்சு. அடுத்த பதிப்புல கண்டிப்பா மாத்திடுவோம்."

"இன்னைக்குச் சாயங்காலம் நாப்பது பேரு நாப்பது ஊருக்குக் கொண்டு போவாவ. நான் வேலைக்கு வராதவன்னு போட்டிருக்கிறதத்தானே கொண்டு போவாவ? அடுத்த பதிப்பு வார வரைக்கும் நான் அப்படியே இருக்கணுமா?"

யாருடைய பதிலுக்கும் அவள் நிற்கவில்லை. நேராகப் போய் மேஜையின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டாள். முதல் பிரதியை எடுத்தாள். மாஜிதா பக்கத்தைக் காட்டினாள், எண்பத்தாறு. 'நம்பத்தகாத பதிவு; நீக்கலாம். பதிவாளர் வரவில்லை, குடும்பத்தில் இறப்பு: 1,140 நாள்.' ஆவுடைத்தாய் அதன் மேல் ஒற்றைக் கோடு போட்டாள், கீழே உள்ளது தெரிகிற மாதிரி. அதன் தலையில் எழுதினாள்: 'சாரல். ஆள் வந்திருந்தாள்.' பக்கத்தில், ஆ.

பளபளப்புத் தாளில் மை சீக்கிரம் காயவில்லை. மாஜிதா ஒவ்வொன்றாக வாங்கி, விரித்தபடியே தரையில் பரப்பினாள். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போக வேண்டும். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஐந்தாவது பிரதியில் ஜெனோ வந்து பக்கத்தில் நின்றார்.

"நீங்களும் போடணும்," என்றாள் தலை நிமிராமல். "திருத்துனா மேலதிகாரி சுருக்கொப்பம் வேணும். அதான் சட்டம்."

ஜெனோ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, விரித்துக் கிடந்த பிரதிகளில் வரிசையாக ஜெ, ஜெ என்று போட்டுக்கொண்டு வந்தார். பத்து, பதினைந்து ஆயிற்று. கை பழகிவிட்டது, வேகமாகப் போட்டார். பதினேழாவது பிரதியில் மாஜிதா கைதவறிப் பக்கத்தை மாற்றி எண்பத்தெட்டை விரித்து வைத்திருந்தாள். வேறு ஊர், வேறு கணக்கு, திருத்தமே இல்லை. ஜெனோ அதிலும் ஒரு ஜெ போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார்.

ஆவுடைத்தாய் குனிந்து அந்தப் பிரதியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அந்த ஜெ-யின் மேல் அவளே ஒற்றைக் கோடு போட்டாள்.

"பாத்துப் போடுங்க தம்பி," என்றாள். "பாக்காமப் போட்டுத்தானே என் வீட்டுல ஆயிரத்து நூத்தி நாப்பது பேரக் கொன்னிய?"